சத்தக் குறிப்பேடு

எங்கள் வீட்டுக்குப் புதிதாக வரும் எதையும் நான் லேசில் நம்பமாட்டேன். ஹைகோவைக் கல்யாணம் செய்துகொள்ளவே ஆறு வருஷம் யோசித்தவள். அப்படியிருக்க, சாமான் அறைச் சுவரில் அவன் மாட்டியிருக்கும் சர்வர் பெட்டிக்குள் மார்ச் பதினான்காம் தேதி ஒரு புது ஹார்ட் டிஸ்க் குடியேறியபோது சும்மா இருப்பேனா?

படம், பாட்டு, அவன் சேர்த்துவைக்கும் ரயில் நிகழ்ச்சிகள் எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்துதான் டிவிக்கு வரும். இடம் போதவில்லை என்று பழைய டிஸ்க்குக்குப் பக்கத்தில் புதியதைச் செருகினான். அன்று மாலை காதைத் தீட்டிக்கொண்டு அந்த அறை வாசலில் நின்றேன். "ம்ம்ம்" என்று ஒரு உறுமல். நடுநடுவே "டக்... டக் டக்" என்று யாரோ விரலால் கதவைத் தட்டுகிற மாதிரி இன்னொரு சத்தம்.

"பெரிய டிஸ்க்குன்னா கொஞ்சம் பாடத்தான் செய்யும், கெர்லி" என்றான்.

"பாடுதா? பல்வலிக்காரன் மாதிரி முனகுது."

பகல் முழுக்க டிராம் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் காதிலேயே ஏறாது. இருந்தாலும் என் வாய்க்குப் பயந்து, வாஷிங் மெஷினுக்கு அடியில் போடும் ரப்பர் பாயை வெட்டிப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே வைத்தான். திருகாணிகளுக்கு ரப்பர் வளையம் போட்டான். உறுமல் பாதியாகக் குறைந்தது. டக் டக் மட்டும் அப்படியே இருந்தது.

"பதினாலு நாளுக்குள்ள திருப்பி அனுப்பலாம்தானே? அனுப்பிடு" என்றேன். தினமும் சொன்னேன். பதினோராம் நாள், சனிக்கிழமை காலை, மனுஷன் தோற்றுப்போய் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். தபாலில் அனுப்ப அட்டைப்பெட்டியும் மேஜைமேல் தயாராக இருந்தது. அப்போது வாசல் மணி அடித்தது.

கீழ்வீட்டு வீபுஷ் அம்மா. நிலப் பதிவு அலுவலகத்தில் வேலை. ஒன்பது வருஷமாக மாடிப்படியில் வணக்கம் சொல்வதோடு சரி. கையில் மூன்று தாள்கள், கோடு போட்டு, கட்டம் கட்டி.

"சத்தக் குறிப்பேடு" என்றார். "தேதி, நேரம், என்ன மாதிரி சத்தம், எல்லாம் இருக்கு. வீட்டு ஓனருக்குப் புகாரா அனுப்பறதுக்கு முன்னாடி உங்ககிட்ட காட்டறதுதான் மரியாதை."

எனக்கு முகம் சூடேறியது. "பாத்தியா? ஊரே கேக்குது உன் புது டிஸ்க்க!" என்று ஹைகோவிடம் பாய்ந்தேன்.

அவன் முதல் தாளையே திரும்பத் திரும்பப் பார்த்தான்.

"இந்த டக் டக், மார்ச் மூணாந்தேதியா?"

"மூணுதான். காலையில ஆறு நாப்பது. நான் எழுதினா தப்பு வராது."

"உறுமல்?"

"அது பதினாலுலேருந்து. அதையும் தனியாப் போட்டிருக்கேன் பாருங்க. ரெண்டும் வேற வேற சத்தம்."

ஹைகோ ஸ்க்ரூடிரைவரை மெல்லக் கீழே வைத்தான். "கெர்லி, புதுசு வர்றதுக்கு பதினோரு நாள் முன்னாடியே தட்ட ஆரம்பிச்சிருக்கு. தட்டறது பழசு. அது சாகப்போகுது."

பழைய டிஸ்க்கில்தான் நான் வாசித்த அக்கார்டியன் குழுவின் இருபத்திரண்டு வருஷக் கச்சேரிகள் இருந்தன. போன குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து கேசட்டிலிருந்து அவன் ஏற்றியவை. வீடு அடைசலாக இருக்கிறது என்று அந்தக் கேசட்டுகளை மறுசுழற்சிக் கிடங்குக்கு அனுப்பிவைத்த புண்ணியவதி நான்தான்.

"இன்னொரு நகல் வெச்சிருப்பீங்கல்ல?" என்று கேட்டார் வீபுஷ் அம்மா.

"இல்ல."

"நகலே இல்லையா?" கைக்குழந்தையைக் கடையில் மறந்துவிட்டு வந்தவர்களைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தார்.

"புதுசுக்கு மாத்திடலாம்" என்றான் ஹைகோ. "ஆனா பழசு இப்போ தட்டுத் தடுமாறித்தான் படிக்கும். நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும். தட்டறது இன்னும் பலமாக் கேக்கும்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை" என்றார் அவர்.

எங்கள் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை சத்தமே கூடாது; காலி பாட்டிலைக்கூட யாரும் தொட்டியில் போடமாட்டார்கள். எனக்கு வீறாப்பெல்லாம் போய்விட்டது. "வீபுஷ் அம்மா, அது போச்சுன்னா நான் வாசிச்சதுக்கு ஒரு அடையாளமும் இருக்காது. அதுல இருக்கறவங்கள்ல நாலு பேர் இப்போ உயிரோட இல்ல. நாளைக்கு ஒரு நாள் மட்டும் பொறுத்துக்குங்க" என்றேன்.

அவர் தாள்களை மடித்தார். "எழுதத்தான் செய்வேன். ஆனா அனுப்ப மாட்டேன்."

அன்றும் மறுநாளும் அது தட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் எனக்குத் திக்கென்றது. தட்டு நின்றால் அதைவிடப் பயமாக இருந்தது. ஞாயிறு மாலை ஐந்தரைக்கு ஹைகோ எழுந்து வந்து என் தோளைப் பிடித்தான். எல்லாம் புதியதில் ஏறிவிட்டது; ஒரே ஒரு கிறிஸ்துமஸ் கச்சேரி மட்டும் கிடைக்கவில்லை. அன்று நான் வாசித்த லட்சணத்துக்கு அது போனதே நல்லது.

பழையதைக் கழற்றியதும் வீட்டில் அந்த உறுமல் மட்டும் மிச்சமிருந்தது. பெட்டிமேல் கையை வைத்து, "தெரியாம உன்னைத் திட்டிட்டேன்" என்றேன். ஹைகோ விழுந்து விழுந்து சிரித்தான். என்னிடம் இப்படி ஒரு மன்னிப்பை வாங்க அவனுக்கு இருபத்தெட்டு வருஷமாகியும் முடியவில்லையாம்.

இன்னொரு நகல் வேண்டும், அதுவும் வேறொரு வீட்டில் இருக்கவேண்டும் என்றான். திங்கட்கிழமை கையடக்க டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் ஏற்றி, ஒயரைக் கழற்றி, கூடவே ஒரு ஆப்பிள் கேக்கும் செய்து கீழே கொண்டுபோனோம். வீபுஷ் அம்மா தன் முக்கியமான தாள்கள் இருக்கும் இழுப்பறையில் அதை வைத்துப் பூட்டினார். கையெழுத்துப் போட்டு ரசீதும் கொடுத்தார்.

புதன்கிழமை மாலை மணி அடித்தது. படியேறி வந்த மூச்சிரைப்போடு அவர்தான் நின்றார், முகம் வாடியிருந்தது.

"ரெண்டு நாளா இழுப்பறையில காதை வெச்சுக் கேக்கறேன்" என்றார். "ஒரு சத்தமும் வரல. அது நல்லாத்தான் இருக்கா?"