பதினோராவது சாவி

மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு, காலை ஐந்து ஐம்பதுக்கு, நீரேற்று நிலைய வாசலிலிருந்து பதினோரு பேர் ஓடக் கிளம்பினார்கள். ஆறு நாற்பதுக்குள் பத்துப் பேர் திரும்பிவிட்டார்கள்.

அந்தக் குழுவை நான்கு வருடமாக நடத்திவந்தவள் பஸ் டிப்போவின் டைம்கீப்பர். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் ‘கடிகாரம்’. பாலத்தைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது சட்டம். முதலில் தொடுவது எப்போதும் அக்காதான். கிளம்பும் முன் எல்லாரும் வீட்டுச் சாவியை அவளுடைய இடுப்புப் பையில் போடுவார்கள். திரும்பியதும் ஒவ்வொருவராக வாங்கிக்கொள்வார்கள். பை காலியானால் எல்லாரும் வந்தாயிற்று என்று கணக்கு. தலை எண்ணும் வேலை மிச்சம் என்று அக்காவே செய்த ஏற்பாடு அது.

அன்று பதினோரு பேருக்குப் பத்துச் சாவிதான். புதிதாக வந்தவன் அக்காவின் தம்பி; இருவருக்கும் ஒரே வீடு, ஒரே சாவி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவன், மனைவி ஆஸ்பத்திரியில் இறந்துபோனதிலிருந்து ஏழு மாதமாகக் கடையைச் சரியாகத் திறக்கவில்லை. அக்கா அவனைத் தன்னோடு கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். சாப்பிடு என்றால் சாப்பிடுவான்; படு என்றால் விளக்கை அணைப்பான். ஞாயிறு மட்டும் ஓட வருகிறேன் என்று தலையாட்ட மூன்று வாரம் பிடித்தது. இதுவும் கைநழுவினால் அவனை இன்னொரு தடவை வாசலுக்கு வெளியே கொண்டுவர முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

கிளம்பிய ஐந்தாவது நிமிடத்திலேயே அவன் பின்தங்கிவிட்டான். முன்னால் ஓடியவளுக்குத் தெரியவில்லை; திரும்பும்போதும் அரையிருட்டில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடி, எதிரே வந்தவனைக் கவனிக்கவில்லை. வாசலுக்குத் திரும்பிச் சாவிகளைக் கொடுத்தாள், கடைசியாகத் தன்னுடையதை எடுத்துக்கொண்டாள், பை காலி. ஏழு மணிக்கு ட்யூட்டி. நேராக டிப்போவுக்குப் போய்விட்டாள்.

எட்டரைக்கு, பேனாவுக்காகப் பாக்கெட்டில் கைவிட்டபோது வீட்டுச் சாவி தட்டுப்பட்டது. வருகைப் பதிவேட்டை மெக்கானிக்கின் கையில் திணித்துவிட்டு வெளியே வந்தாள். பத்தொன்பது வருட வேலையில், ட்யூட்டி நேரத்தில் அவள் டிப்போ வாசலைத் தாண்டியது அன்றுதான். யூனிஃபார்மோடு வீடுவரை ஓடினாள்.

தம்பி பூட்டிய கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தான். ஃபோன் உள்ளே இருந்தது. ஷூவைக் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காக வைத்திருந்தான்.

“மறந்துட்டேன்டா,” என்றாள்.

“பரவாயில்லக்கா. நான் பாலம் வரைக்கும் போனேன், தெரியுமா? பாதி நடைதான். ஆனா தொட்டேன்.” ஷூவை எடுத்துக்கொண்டே சொன்னான்: “வந்து சொல்லலாம்னு பாத்தா, அங்க யாருமில்ல.”

அடுத்த வாரம் வரமாட்டேன் என்றான். தன்னால் மற்றவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாமாம். அவள் வற்புறுத்தவில்லை. கதவைத் திறந்து, தோசை இரண்டு சூடாக வார்த்துக் கொடுத்துவிட்டு டிப்போவுக்குத் திரும்பினாள். அன்று பன்னிரண்டு பஸ் தாமதமாகப் போயிருந்தது. உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

புதன்கிழமை குழுவினரை டீக்கடையில் கூட்டி நடந்ததைச் சொன்னாள். பையின் மேல் பழி போடவில்லை; பார்க்க வேண்டியவள் நான், பார்க்கவில்லை என்றாள். இனிமேல் பாலம் கணக்கில்லை. இருபத்தைந்தாவது நிமிடம் விசில் அடிக்கும். யார் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே திரும்ப வேண்டும். பின்னால் இருப்பவர் முன்னாலாகிவிடுவார், எல்லாரும் ஏறக்குறைய ஒன்றாக வாசலுக்கு வருவார்கள். விசிலோடு அவள் கடைசியில் ஓடுவாள்.

“கடிகாரம் பின்னாடி ஓடப் போகுதா?” என்றார் பேக்கரிக்காரர், அவள் காதில் விழும் என்பதை மறந்து.

“ஆமாண்ணே. உங்க முதுகையும் ஒரு தடவ பாக்கிறேன்.”

சனிக்கிழமை மாலை தம்பியிடம் அதையே சொன்னாள். “நீ எவ்வளவு தூரம் போறேங்கறது முக்கியமில்ல. விசில் கேட்டா திரும்பு. அவ்வளவுதான்.” காலையில் அவன் ஷூவோடு நின்றான்.

பின்னால் ஓடியபோது அக்காவுக்கு நிறையத் தெரிந்தது. பேக்கரிக்காரருக்கு இடது முழங்கால் வலி. மேட்டில் தாங்கித் தாங்கி ஏறினார். டீச்சர் தனியாக ஓடினால் வேகம் குறைகிறது, பக்கத்தில் ஆள் இருந்தால் கூடுகிறது. நான்கு வருடமாக எல்லாருடைய நிமிடங்களும் அவளுக்கு மனப்பாடம், கால்களைப் பார்த்ததில்லை. தம்பி ஆஸ்பத்திரி மதில் வந்ததும் நடக்கத் தொடங்குகிறான் என்பதையும் அன்றுதான் கண்டாள். மூச்சிரைப்பு இல்லை. மதில் முடியும்வரை தானும் கூடவே நடந்தாள். இடுப்பில் சாவிகள் குலுங்கின.

விசில் அடித்ததும் தம்பி முதல் ஆளானான். பின்னாலிருந்து டீச்சர் வந்து சேர்ந்தாள், பிறகு பேக்கரிக்காரர். “தம்பி, மெதுவா போப்பா, வயசானவன் வர்றேன்ல,” என்றார். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவன் சிரித்ததை அக்கா பக்கவாட்டில் பார்த்தாள்.

ஏப்ரல் மாதம் முதல் ஞாயிறு, நீரேற்று நிலைய வாசலிலிருந்து பதினோரு பேர் கிளம்பினார்கள். முந்தின நாள் தம்பி கடையைத் திறந்தபோது பக்கத்துக் கடையில் வீட்டுச் சாவிக்கு ஒரு நகல் வெட்டி வாங்கியிருந்தான். பையில் பதினோரு சாவி இருந்தது. ஆறு நாற்பத்தெட்டுக்குப் பதினோரு பேரும் திரும்பினார்கள். அக்கா அன்று டிப்போவுக்கு ஆறு நிமிடம் தாமதமாகப் போய்ப் பதிவேட்டில் அப்படியே எழுதினாள்.