யெசேனியாவுக்குக் கிடைத்த மடிக்கணினி

யெசேனியாவும் நானும் ஃப்ரெஸ்னோ நகரத்தில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். பெற்றவர்களிடமிருந்து அரசாங்கம் எங்களைப் பிரித்தெடுத்து, அது கைகாட்டிய வளர்ப்பு வீடுகளில் மாறி மாறி வளர்த்தது. வயது வந்ததும் கைகுலுக்கி வெளியே அனுப்பிவிட்டது. நான் டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அவள் கல்லூரியில் சுவாச சிகிச்சைப் படிப்பில் சேர்ந்தாள். பாதாம் அறுவடை வந்தால் எங்கள் ஊர்ப் புழுதியில் பிள்ளைகள் மூச்சுக்குத் திணறும். அந்த வேலைக்கு இங்கே ஒருநாளும் பஞ்சம் வராது.

பாடம், பரீட்சை எல்லாமே கணினியில். அவளிடம் இருந்ததோ கண்ணாடி விரிசல்விட்ட கைப்பேசி. அப்போதுதான் 'நாளைய சிறகுகள்' அறக்கட்டளை அவளைத் தேடி வந்தது. எங்களைப் போன்றவர்கள் மேற்படிப்புக்குப் போனால் மடிக்கணினி கொடுப்பார்களாம். சிறகு பெயரில்தான். பறந்ததெல்லாம் அதன் தலைவி லோரெய்ன் ட்ரெட்வெல் அம்மாள் மட்டும்தான், வருஷம் தவறாமல் ஹவாய்க்கு.

கொடுப்பதற்கு முன்பே படம் எடுத்துக்கொண்டார்கள். கொடுத்தபோது எடுத்தார்கள். கொடுத்த பிறகு, "இன்னும் கொஞ்சம் சிரி கண்ணு" என்று சொல்லி மறுபடி எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் திரையில் ஏதோ ஒரு வங்கியின் சின்னம், அதன் கீழே 'ஜி. ஹேவர்ஃபோர்ட்' என்ற பெயர், அதற்கும் கீழே கடவுச்சொல் கேட்டு ஒரு கட்டம்.

"யாருடி இந்த ஹேவர்ஃபோர்ட்?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்? அந்தாளு தூக்கிப்போட்டத எனக்கு ரிப்பன் கட்டிக் குடுத்திருக்காங்க."

ட்ரெட்வெல் அம்மாளிடம் போய்ச் சொன்னோம். அவர் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. நிதி திரட்டும் விருந்தில் யெசேனியா பேச வேண்டியிருந்தது. அந்தப் பேச்சைத் திருத்துவதிலேயே குறியாக இருந்தார்.

"இதுல பசியே இல்லையே, கண்ணு?"

"நான் பசியோட இருந்ததில்ல, மேடம். கடைசியா என்னை வளர்த்த ஓச்சோவா அம்மா வீட்ல பொசோலே சூப்பா குடிச்சுத்தான் இப்படி குண்டானேன்."

"சரிதான். ஆனா வர்றவங்க மனசு இளகணுமில்ல? ஒரு ராத்திரி பட்டினியா படுத்தேன்னு சேத்துக்கோ. பொய்யின்னு நினைக்காத. உணர்ச்சின்னு நினைச்சுக்கோ."

"மாட்டுக்கறி தின்னுக்கிட்டே அழுவாங்களா?"

"நல்லா அழுவாங்க," என்றார் அம்மாள், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

"லேப்டாப், மேடம்?"

"மொதல்ல விருந்து முடியட்டும்."

கல்லூரி அதற்குள் தொடங்கிவிட்டது. யெசேனியா பாடங்களைக் கைப்பேசியில் படித்தாள். நுரையீரல் படம் கட்டைவிரல் நகத்தளவுதான் தெரிந்தது.

விருந்துக்கு என்னையும் அழைத்துப் போனாள். நட்சத்திர ஓட்டல். தோட்ட முதலாளிகள், பளபளக்கும் பூட்ஸ், மேஜை நிறைய இறைச்சி. ஒவ்வொரு மேஜையிலும் எங்களைப் போன்ற ஒரு பிள்ளையின் படம், மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில், செத்தவர்களுக்கு வைப்பதைப் போல. நடு மேஜையில் அமர்ந்திருந்தவரை ட்ரெட்வெல் அம்மாள் மேடையிலிருந்து புகழோ புகழென்று புகழ்ந்தார். கணினிகளை வாரி வழங்கிய வள்ளல், வங்கியின் வட்டாரத் தலைவர், கிரெகரி ஹேவர்ஃபோர்ட்.

யெசேனியா என்னைப் பார்த்தாள். விருந்து முடிந்ததும் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று கொண்டுவந்திருந்த மடிக்கணினியைப் பையிலிருந்து எடுத்தாள்.

பேச அழைத்ததும் மடிக்கணினியோடு மேடை ஏறினாள். அதைத் திறந்து திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள்.

"என் பேச்ச இதுல எழுதலாம்னு பாத்தேன், முடியல. ஹேவர்ஃபோர்ட் சார், கொஞ்சம் எழுந்து நிக்கிறீங்களா?"

அவர் கைதட்டலுக்காக எழுந்தார். சட்டைப் பொத்தானைக்கூடச் சரிசெய்துகொண்டார்.

"கடவுச்சொல் என்ன சார்?"

மனிதர் விழித்தார். "அது... எல்லாத்தையும் என் செக்ரட்டரிதான் அடிப்பா."

"அப்போ அவங்கள கௌரவிச்சிருக்கலாமே, சார். உங்க மிஷின்ல வேலை பாத்தது அவங்கதானே?"

முதலில் யாரோ சிரித்தார்கள். அடுத்து எல்லாரும் சிரித்தார்கள். ஏற்பாடு செய்த வேடிக்கை என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார்கள் முட்டாள்கள். அதுவரை எந்த விருந்திலும் சேராத நிதி அன்று சேர்ந்ததாம். ட்ரெட்வெல் அம்மாள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்ட சாக்கில் முழங்கையில் நகத்தைப் பதித்தார்.

திரைக்குப் பின்னால் வந்ததும், "நன்றி கெட்டவளே!" என்றார். "குடு அத. சரி பண்ணி அனுப்பறோம்."

அது வரவே இல்லை.

பேருந்தில் யெசேனியா அழுதாள். "அவமானமா இருக்குடி. அவங்களுக்கு இல்ல, எனக்கு," என்றாள். விருந்திலிருந்து சுருட்டிக்கொண்டு வந்த ரொட்டியை நீட்டினேன். பாதியைத் தின்றாள்.

அடுத்த வாரம் அவள் கல்லூரி நூலகத்தில் கைப்பேசியைக் கண்ணருகே பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாளாம். மேஜைக்குப் பின்னாலிருந்த நூலகர் பார்த்துவிட்டு, "லேப்டாப் வேணுமா? படிப்பு முடியற வரைக்கும் வெச்சுக்கலாம்," என்றிருக்கிறார். மாணவர் அட்டையை மட்டும் பார்த்தார். அவள் வாழ்க்கைக் கதையைக் கேட்கவில்லை. "சார்ஜரும் வேணுமில்ல?" என்று கேட்டதோடு சரி.

மறுவருஷம் ட்ரெட்வெல் அம்மாள் கூப்பிட்டார். குரலில் தேன் வழிந்தது.

"போன வருஷம் பண்ணியே அந்தத் தமாஷ், அத மறுபடி பண்றியா கண்ணு? எல்லாரும் கேக்கறாங்க."

"நாளைக்கு பரீட்சை இருக்கு மேடம்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள் யெசேனியா.

பரீட்சை நிஜமாகவே இருந்தது. செயற்கைச் சுவாசக் கருவி பற்றியது. தேறிவிட்டாள்.