செத்த மாடுகள் இடதுபுறமாகச் செல்லவும்

செத்த மாடு ஒன்று கொழுப்புருக்கும் கொட்டகைக்கு முதன்முதலாகத் தானே நடந்து வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை டீ நேரத்தில். பால்காரருடைய சிவப்புப் பசு அது. முந்தின நாள் சாயங்காலம் செத்திருந்தது. கேட்டுக்கு வெளியே நின்று, யாராவது திறப்பார்களா என்று பார்த்தது. கொப்பரை அக்கா திறந்தார். பசு உள்ளே போய் எடைமேடையில் ஏறி நின்றது, எடை பார்த்து முடிந்ததும் இறங்கியது, ஈரச் சிமெண்ட் தரையில் ஒரு மூலையாகப் பார்த்துப் படுத்துக்கொண்டது. அதற்கப்புறம் செத்த மாடு எப்படிக் கிடக்குமோ அப்படியே கிடந்தது.

அந்த ஊரில் சாகிற மாடு, குதிரை, கழுதை, நாய், ஓட்டல்களில் பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெய் எல்லாம் கடைசியில் அந்தக் கொட்டகைக்குத்தான் வரும். கொப்பரையில் வெந்து, கொழுப்பு சோப்புக் கம்பெனிக்குப் போகும், எலும்பு உரக் கம்பெனிக்குப் போகும். ஊர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டகையைத் தாண்டிப் போவார்கள். வீட்டுக்குப் போய் அதே கொழுப்பைத் தேய்த்துக் குளிப்பார்கள். கொப்பரையை அக்கா பார்த்துக்கொண்டார், லாரியை அவர் வீட்டுக்காரர் ஓட்டினார். வீட்டுக்காரரின் தம்பி படித்தவர், கழிவு ஒழுங்குமுறைத் துறையில் இன்ஸ்பெக்டர். மூன்று பேருக்கும் ஒரே வீடு, ஒரே சமையல். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும், துறைக்கு மட்டும் தெரியாது. சொந்தக்காரர்களின் தொழிலை ஆய்வு செய்யக் கூடாது என்று ஒரு விதி இருந்ததால், இன்ஸ்பெக்டர் ஆபீஸ் நேரத்தில் அண்ணியை "மேடம்" என்றுதான் கூப்பிட்டார்.

சிவப்புப் பசு வருவதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் புதுச் சட்டம் வந்தது. செத்த பிராணியையோ கழிவெண்ணெயையோ கசியாத, அனுமதி பெற்ற வண்டியில் அல்லாமல் எந்த நபரும் ஏற்றிச் செல்லக் கூடாது என்றது சட்டம். லாரியோ தாராளமாகக் கசிந்தது. அது எந்தெந்தத் தெரு வழியாகப் போனது என்று ஈக்களுக்கு மனப்பாடம். இன்ஸ்பெக்டர் ஒரு நாள் காலையில் லாரிக்கு சீல் வைத்துவிட்டு, மத்தியானம் வழக்கம்போல் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்.

"சார் சாப்பிடறீங்களா, இல்ல தட்டு கசியுதான்னு பாத்துட்டு வைக்கட்டுமா?" என்றார் அக்கா.

"அண்ணி, சட்டம் நான் போட்டதில்ல."

"சீல் நீ போட்டதுதானே தம்பி."

அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் சீல் வைத்த லாரியின் படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

பேச்சு நின்றால் போகட்டும், அடுப்பு நின்றால்தான் ஆபத்து. ஒரு பருவம் முழுக்கக் கொப்பரை காயாமல் கிடந்தால் கொட்டகை மூடப்பட்டதாகக் கருதப்படும், ஊர் எல்லைக்குள் யாரும் அதைத் திரும்பத் திறக்க முடியாது என்று அதே சட்டத்தில் இன்னொரு வரி இருந்தது. லாரியின் ஓட்டைகளை அடைத்து ஓட்டக் கேட்ட அனுமதி மேலிடத்தில் தூங்கியது. கொட்டகை போனால் அண்ணனுக்கும் அண்ணிக்கும் வேறு பிழைப்பு கிடையாது. இன்ஸ்பெக்டர் சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிடலாம்தான், ஆனால் முறை வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டும். பருவம் முடிய இருந்த வேளையில்தான் சிவப்புப் பசு வந்தது. மறுநாள் சலவைக்காரருடைய கழுதை வந்தது. அந்த வாரம் முடிவதற்குள் கேட்டைச் சாத்துவதற்கே நேரமில்லாமல் போயிற்று.

இன்ஸ்பெக்டர் சட்டப் புத்தகத்தோடு ஓடிவந்தார். யாரும் ஏற்றிச் செல்லக் கூடாது என்றது சட்டம், யாரும் ஏற்றவில்லை. மாட்டு டாக்டரை வரவழைத்தார். டாக்டர் ஒரு காளையோடு கூடவே நடந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். "செத்தது செத்ததுதான் சார். நடக்கறது அதோட சொந்த விஷயம்" என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு ஃபீஸ் வாங்கிக்கொண்டு போனார்.

இப்படியே வருஷங்கள் ஓடின. செத்தவை எல்லாம் பழைய லாரி போன வழியிலேயே வந்தன. லாரிக்காரர் நிறுத்துகிற டீக்கடை வாசலில் அவையும் நின்றன. ஒரு ஆள் ஆற அமர ஒரு டீ குடிக்கிற நேரம் நின்றுவிட்டுக் கிளம்பின. உயிரோடு இருந்தபோது நடுரோட்டில் படுத்து அசைபோட்ட மாடுகள்கூடச் செத்த பிறகு இடதுபுறமாக, வரிசையாக, சிக்னலில் நின்று போயின. பஸ் டிரைவர்கள் உயிருள்ள மாடுகளிடம் அவற்றைக் காட்டி, "அதைப் பாத்தாவது கத்துக்கோ" என்று திட்டினார்கள். ஒரு செத்த நாய் மட்டும் பழக்க தோஷத்தில் ஒரு மோட்டார் சைக்கிளைத் துரத்தியது. பாதி வழியில் ஞாபகம் வந்து, வெட்கப்பட்டுக்கொண்டு வரிசைக்குத் திரும்பியது. செத்த பிராணியை மூடாமல் சாலையில் விடக் கூடாது என்று திருத்தம் வந்தபோது, உரிமையாளர்கள் தார்ப்பாய் போர்த்தி அனுப்பினார்கள். வசதியானவர்கள் புதுத் தார்ப்பாய் போர்த்தினார்கள்.

எண்ணெய்தான் தொல்லை கொடுத்தது, அதற்குக் கால் இல்லை. லாரி நின்றதிலிருந்து ஓட்டல்காரர்கள் அதைச் சாக்கடையில் ஊற்றி வந்தார்கள். அது உள்ளே உறைந்து, திரண்டு, ஒரு நாள் கடைத்தெருவையே முழங்கால் உயரத்துக்குத் தூக்கிவிட்டது. செருப்புக் கடைக்குள் சாக்கடை புகுந்தபோது ஊர் பொறுத்துக்கொண்டது. நகைக்கடைக்குள் புகுந்ததும் நிலைமை கவலைக்கிடம் என்று அறிவித்தார்கள். டீக்கடைக்காரர் யோசித்தார். அவர் கடை வாசலில் செத்த எருமை ஒன்று சும்மாதானே நிற்கிறது? அதன் முதுகில் இரண்டு எண்ணெய் டின்னைக் கட்டினார். எருமை திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தது. எருமை நபர் இல்லை என்பதால் சட்டமும் பேசாமல் இருந்தது. மாதம் முடிவதற்குள் ஓட்டல்காரர்கள் எல்லாரும் டின்னோடு வாசலில் காத்திருந்தார்கள், கடைத்தெரு மெல்ல இறங்கியது.

ஆனால் பிராணிகள் நலச் சங்கம் சும்மா இருக்கவில்லை. செத்த பிராணிகளைச் சுமை தூக்க வைப்பது அவற்றின் உடல்நலத்துக்குக் கேடு என்று புகார் கொடுத்தது. மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி காரில் வந்து இறங்கினார். அன்றைக்கு வந்துகொண்டிருந்தவை இரண்டு பசு, ஒரு காளை, டின்னோடு ஒரு எருமை, சர்க்கஸிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு குதிரை. அதிகாரி சாலை நடுவில் நின்று கையைக் காட்டினார். எல்லாம் மரியாதையாக நின்றன.

"யோவ் இன்ஸ்பெக்டர், இதெல்லாம் செத்ததா, உசுரோட இருக்கா? ஒண்ணு சொல்லு."

இன்ஸ்பெக்டர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். செத்தது என்றால், அனுமதி இல்லாமல் சாலையில் போகிறது, கொட்டகையை மூடு. உயிரோடு இருக்கிறது என்றால், அண்ணி உயிருள்ள மாட்டைக் கொப்பரையில் போடுகிறார், கொட்டகையை மூடு, அண்ணியை உள்ளே வை. அவர் விழித்துக்கொண்டிருந்தபோது குதிரை முதலில் படுத்தது. பிறகு பசுக்கள், காளை, கடைசியாக டின் சாயாமல் பார்த்துக்கொண்டு எருமை. நடுரோட்டில், அதிகாரியின் ஷூவைச் சுற்றி, அப்பட்டமாகச் செத்துக் கிடந்தன.

வழியில் கிடக்கும் செத்த பிராணிக்கு அதை நிறுத்தியவரே பொறுப்பு, அனுமதி பெற்ற வண்டியில் உடனே அகற்ற வேண்டும் என்பது விதி. அதை எழுதியவர் அதே அதிகாரி. அண்ணன் லாரிக்கான அனுமதி கிடந்ததும் அவர் மேசையில்தான். இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றன. வெயில் ஏறியது, ஈக்கள் வந்தன, பிறகு வாசனை வந்தது. அதிகாரி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, பிராணிகள் உடனடியாகக் கலைந்து செல்லுமாறு இதனால் உத்தரவிடப்படுகிறது என்றார். ஒரு வால்கூட அசையவில்லை.

"யாரு சொன்னாய்யா கேக்கும்?" என்றார், அழாத குறையாக.

வேலை போய்விடும் என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். "எங்க அண்ணி சொன்னா கேக்கும் சார்."

"அண்ணியா?"

"கொட்டகை மேடம் எங்க அண்ணி சார். அந்த லாரி எங்க அண்ணனோடது. நான்தான் சீல் வெச்சேன்."

கூடியிருந்த ஊர், இத்தனை வருஷமாகத் தெரிந்த விஷயத்துக்கு, ஒரு மரியாதைக்காக "அய்யய்யோ" என்றது. கூட்டத்தில் நின்றிருந்த அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"சாப்ட்டியாடா?"

"இன்னும் இல்லண்ணா."

அதற்குள் யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, கொப்பரை அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். அதிகாரியைப் பார்த்தார், படுத்திருந்தவற்றைப் பார்த்தார். "என்ன இங்க படுக்கை? எந்திரிங்க, அடுப்பு காயுது." ஐந்தும் எழுந்தன, தூசியை உதறிக்கொண்டன, இடதுபுறமாக ஒதுங்கிக் கொட்டகைப் பக்கம் நடந்தன.

அதிகாரி ஊருக்குப் போய்ச் சேர்ந்த வாரமே திருத்தம் வந்தது: தாமாக வரும் செத்த பிராணிகளுக்கும் அவை கொண்டுவரும் பொருட்களுக்கும் இச்சட்டம் பொருந்தாது. இன்ஸ்பெக்டரைத் தெருவிளக்குத் துறைக்கு மாற்றினார்கள். விளக்குக் கம்பங்களில் அவருக்குச் சொந்தம் எதுவும் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டார்கள். லாரிக்கும் அனுமதி கிடைத்தது; ஏற்றத்தான் ஒன்றும் இல்லை. அண்ணன் அதைக் கழுவி, வீடு மாற்றுகிறவர்களுக்குக் கட்டில் பீரோ ஏற்றி ஓட்டுகிறார். கட்டில் ஏற்றிய இரண்டு குடும்பங்கள் வாசனையில் தூக்கம் வரவில்லை என்று சொல்லியிருக்கின்றன.

புது இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர். வேலையில் சேர வந்த அன்று, ஒரு செத்த குதிரைக்கு வழிவிட்டு ஸ்கூட்டரை ஓரம் கட்டினாராம். பயமாக இல்லையா என்று டீக்கடையில் கேட்டார்கள். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, சரியாகக் கவனிக்கவில்லை என்று சொல்லி, சர்க்கரை கொஞ்சம் கூடப் போடச் சொன்னார்.