பட்டிப்பொலக் குளிரில் வேர்த்தவள்

இலங்கை மலைநாட்டுப் பட்டிப்பொலக் குளிரில் வெந்நீரை வீசி எறிந்தால் தரையைத் தொடுமுன் கட்டியாகிவிடும் என்பார் மத்தியாஸ். தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் முப்பத்தைந்து வருடம் மருந்து கலந்து எழுபத்தெட்டாம் ஆண்டில் ஓய்வு பெற்றவர். சிறுத்தைக்குப் பல் பிடுங்கிய கதையை மட்டும் நாற்பது விதமாகச் சொல்லுவார். அப்பேர்ப்பட்ட குளிரில் அவர் மகள் பெற்றீசியாவுக்கு வேர்த்துக் கொட்டியது. உடம்பு அனலாகக் கொதித்தது. ஜெபமாலையைப் பிடிக்க முடியாமல் கை உதறியது.

மத்தியாஸுக்கு முதல் சந்தேகம் மருமகன் சிறில் மேல். தேத்தண்ணியை அவன்தான் ஊற்றிக் கொடுக்கிறான். கோப்பையை மோந்து பார்த்தார். மிச்சச் சோற்றைக் கோழிக்குப் போட்டு அதன் பின்னாலேயே அரை மைல் நடந்தார். கோழி அவரைவிடச் சுகமாக இருந்தது.

கடைசியில் மகளின் தலையணைக்கு அடியில் இரண்டு மருந்துக் கவர்கள் அகப்பட்டன. பிள்ளை இறந்து பிறந்ததிலிருந்து இருண்டு கிடந்த மனசுக்குக் கண்டி டாக்டர் கொடுத்த பினெல்சைன் மாத்திரை ஒன்று. நான்கு நாளைக்கு முன் அட்டன் டாக்டர் எழுதிய இமிப்ரமின் மற்றது.

"ரெண்டையுமா முழுங்குற?"

"ரெண்டும் மனசுக்குத்தானப்பா."

"கண்டி மருந்தப் பத்தி அட்டன்ல சொன்னியா?"

"ஒரு டாக்டர்கிட்ட இன்னொரு டாக்டரப் பத்திப் பேசுனா கோவிச்சுக்க மாட்டாரா?"

தோட்டமே அப்படித்தான். டிஸ்பென்சரிக்கு வந்தவர்களும் பழைய மருந்துச் சீட்டை மடியில் ஒளித்துக்கொண்டுதான் வருவார்கள். அவரும் கேட்டதில்லை. பினெல்சைனை நிறுத்தி இரண்டு வாரம் போகாமல் இமிப்ரமினைத் தொடக்கூடாது, தொட்டால் உடம்பு கொதித்து உயிரே போகலாம் என்று மருந்துப் புத்தகத்தில் படித்தது இப்போது நினைவுக்கு வந்தது.

"மாப்ள, லொறியக் கூப்புடுங்க. நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்குப் போவணும்."

சிறில் சிரித்தான். "மாமா, போன வாரம் எனக்குத் தடிமன்னு சொன்னப்ப, மூள உருகி மூக்கு வழியா வருதுன்னு சொன்னீங்க."

மத்தியாஸ் இரண்டு கவர்களையும் அவனிடம் நீட்டினார்.

"பொழைப்பாளான்னு தெரியல மாப்ள. பயமா இருக்கு."

தெரியாது என்று அந்த வாய் சொல்லி சிறில் கேட்டதே இல்லை. சட்டையைப் போடாமலே கொழுந்து லொறியை நோக்கி ஓடினான்.

லொறியில் கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே மகளின் தலை அவர் தோளில் கொதித்தது. "ரெண்டையும் காட்டாதீங்கப்பா... கோவிச்சுக்குவாரு," என்று முனகினாள். மத்தியாஸ் இரண்டு கவர்களையும் காற்றில் படபடக்கப் படபடக்க உயர்த்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். டாக்டர் அடுத்த வளைவிலேயே நிற்பதுபோல.