மேலேருந்து பார்த்தா தேயிலை

"தகவல் தொழில்நுட்பத்தின் மூலம் அறிவார்ந்த நகரை நோக்கி"ன்னு எங்க டவுன் சபை வாசல்ல பெரிய போர்டு வச்சாங்க. ரெண்டாயிரத்து நாலு, அஞ்சு இருக்கும். அதுவரைக்கும் எங்க டவுனுக்கு அறிவு இல்லன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி இருந்துச்சு. எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. மழை பெஞ்சா பஸ் ஸ்டாண்டுக்குள்ள முழங்கால் தண்ணி நிக்கிற டவுன வேற எப்படிச் சொல்றது?

நான் சண்முகவடிவு. தேயிலைத் தோட்டத்துல, கீழ்ப் பிரிவுல கொழுந்து எடுக்கிறவ. அறிவுள்ள டவுன் இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னுதான் நானும் இருந்திருப்பேன், பஸ் விஷயம் மட்டும் இல்லன்னா. வெளிநாட்டுக் காசுல சபைக்குக் கம்ப்யூட்டர் வந்துச்சு. எந்த எடத்துல எத்தன வீடு இருக்குன்னு அது எண்ணும். அறுபது வீடு இருந்தா அந்த எடத்துக்கு பஸ் விடச் சொல்லி அதுவே சொல்லிரும். எவன் காலையும் புடிக்க வேண்டியதில்ல. கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கல. எங்க கீழ்ப் பிரிவுல நூறு குடும்பத்துக்கு மேல இருக்கோமே!

என் மக யோகமலர் அப்ப ஓ லெவல் நல்லா பாஸ் பண்ணிட்டு கொட்டகலைக்கு ஏ லெவல் படிக்கப் போய்ட்டு இருந்தா. இருட்டோட எறங்கி, தேயிலைக்குள்ள நடந்து மெயின் ரோட்டுக்குப் போகணும். அங்க பஸ் நெறஞ்சு வரும், நிக்காது. அட்டை கடிச்ச காலோட, நனைஞ்ச சட்டையோட, ரெண்டாவது பாடத்துக்குத்தான் போய்ச் சேருவா. ஒரு நா வந்து, "அம்மா, இந்தத் தவணையோட படிப்ப நிப்பாட்டிக்கிறேன். கொழும்புல பெரியம்மா இருக்கிற கடையில சேந்துக்கிறேன்"ன்னா. அழுகல. அழுதிருந்தா ஏசியிருப்பேன். அமைதியா சொன்னதால ஏசவும் முடியல.

"பஸ் வந்தா போவியாடி?"ன்னேன்.

"வந்தா போறேன்."

எங்க வீட்டுக்காரர் கந்தப்பன், "வரட்டும், பார்ப்போம்"னார். அவர் எங்க கல்யாணத்துக்கும் அதத்தான் சொன்னார்.

சபையில கம்ப்யூட்டருக்குப் பொறுப்பா இருந்தவர் கிருஷாந்தன் சார். யாழ்ப்பாணத்துப் புள்ள. மெலிஞ்ச ஒடம்பு, கண்ணாடி, எங்க குளிருக்கு ரெண்டு ஸ்வெட்டர். நான் போய் நின்னதும் எந்திரிச்சு, உக்காரக் கதிரை போட்டார். அந்தக் கட்டடத்துல எனக்குக் கதிரை போட்ட மொத ஆள் அவர்தான். கம்ப்யூட்டரத் தட்டிப் பார்த்துட்டு, "கீழ்ப் பிரிவு... எட்டு வீடு அக்கா"ன்னார்.

"எட்டா? எங்க கோழிக்கூடே அதுக்கு மேல இருக்குங்க சார்!"

கண்ணாடியக் கழட்டித் தொடைச்சார். அப்புறம் கம்ப்யூட்டர என் பக்கம் திருப்பினார். பிளேன்ல இருந்து எடுத்த படம். எல்லாம் பச்சை. பச்சைக்கு நடுவுல எட்டு நீட்டுத் தகரம், அதுதான் எங்க லயம். ஒரு லயத்துக்குப் பன்னண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம், சிலதுல ரெண்டு. கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தெரியாது. அது கூரையத்தான் எண்ணும். ஒரு கூரைன்னா ஒரு வீடு.

"அப்ப நீங்க கையால நூறுன்னு போட்டு விடுங்களேன்."

"ஏலாது அக்கா. கையால போட ஏலாத மாதிரிப் பூட்டித்தான் தந்திருக்கினம். முந்தி ஆரோ தன்ர மச்சான்ர காணியில இருநூறு வீடு இருக்கெண்டு எழுதி ரோட்டுப் போட்டவராம். போய்ப் பாத்தா ஒரு மாடுதான் நிண்டதாம்."

அந்த மாட்டுக்கு ரோடு போட்டவன் நல்லா இருக்கட்டும். அவன் செஞ்ச களவுக்கு எங்களப் பூட்டிட்டாங்க.

கிருஷாந்தன் சார் சும்மா இருக்கல, அதையும் சொல்லணும். ஒரு ஞாயித்துக்கெழம தானே நடந்து வந்தார். வர்ற வழியில வழுக்கி விழுந்து, சேத்தோட வந்து நின்னார். லயம் லயமா எண்ணினார். போற எடமெல்லாம் டீ குடுத்தோம், மாட்டேன்னு சொல்லத் தெரியாம எல்லாத்தையும் குடிச்சார். கடைசி லயத்துல டீய வாங்காம, கக்கூஸ் எங்கன்னு கேட்டார். நூத்திநாலு குடும்பம்னு எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். கம்ப்யூட்டர் பிழை விடாது, நீங்கள் திரும்ப எண்ணவும்னு பதில் வந்துச்சாம்.

நான் மறுபடி போனப்ப அவர் மொகம் செத்துப் போய் இருந்துச்சு. "பெப்ரவரியில வானம் வெளிச்சா திரும்பப் படம் எடுப்பினம். அதை விட்டா அடுத்த வருஷம்தான் அக்கா"ன்னார்.

"சார், ஒரு கூரை எங்க முடியுதுன்னு அது எப்படிக் கண்டுபுடிக்குது?"

"நிறம் மாறினா வேற கூரை எண்டு எடுக்கும்."

நான் கதிரைய முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கிட்டேன்.

"எந்த நிறமா இருந்தாலும் சரிங்களா?"ன்னேன்.

"எதெண்டாலும் பரவாயில்ல"ன்னுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். "நான் ஒண்டும் சொல்லேல்ல அக்கா."

நேரா ராசிக் நானா ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். விக்காத பெயிண்ட் டின் எல்லாம் கடைக்குப் பின்னால குமிச்சுக் கெடந்துச்சு. விஷயத்தச் சொன்னதும், "அல்லாஹ்வே! கம்ப்யூட்டர ஏமாத்தவா?"ன்னார். ஏமாத்தல நானா, உள்ளத உள்ளபடி காட்டப் போறோம்னேன். தாடியத் தடவிக்கிட்டே யோசிச்சார். அப்புறம் எல்லா டின்னையும் வேன்ல ஏத்தச் சொன்னார். "பஸ் வந்தா உங்கட சனம் என்ட கடைக்குத்தானே வரும்"னார். நல்ல மனுஷன், யாவாரமும் தெரிஞ்ச மனுஷன்.

கூரை தோட்டத்துக்குச் சொந்தம், தோட்டத்த நடத்துற தொரைகிட்ட கேக்காம ஆணி கூட அடிக்க முடியாது. துருப்புடிக்காம இருக்க எங்க செலவுலயே பெயிண்ட் அடிக்கிறோம்னோம். எங்க செலவுன்னதும் தொரைக்கு வேற கேள்வி இல்ல.

அடிக்கிறது லேசு. நெறம் பிரிக்கிறதுலதான் உசிரு போச்சு. பக்கத்துப் பக்கத்து காம்பரா ஒரே நெறமா இருக்கக் கூடாது, அது ஒண்ணுதான் சட்டம். மூக்கன் நீலம் வேணாம்னார், அது ஒரு கட்சி நெறமாம். அவர் தம்பி நீலந்தான் வேணும்னான், அண்ணன் வேணாம்னதால. சங்கத் தலைவர் நல்லமுத்து செவப்ப யாருக்கும் விட மாட்டேன்னு டின் மேலேயே ஏறி உக்காந்துட்டார். பச்சைய மட்டும் ஒருத்தரும் தொடல, அது இன்னொரு கட்சி. பெயிண்ட் வேற பத்தல, மொத்த காம்பராவுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் கண்டுச்சு. கடைசியில மிஞ்சினது பச்சை டின்தான். "நெறத்துல என்னய்யா இருக்கு, இங்க கொண்டாங்க"ன்னு நானே வாங்கி எங்க கூரைக்கு அடிச்சேன். எறங்கி நின்னு பார்த்தா, சும்மா சொல்லக் கூடாது, அழகாத்தான் இருந்துச்சு.

பெப்ரவரி கடைசி வாரம் வரைக்கும் மூட்டம். பிளேனும் வரல, ஒண்ணும் வரல. ஒரு நா யோகமலர் மழையில விழுந்து எந்திரிச்சு வந்தா. இருந்த ரெண்டு வெள்ளை யூனிபோர்மும் சேறு. மறுநா பள்ளிக்கூடம் போகல. நான் வேலைக்குக் கெளம்புறப்ப கொழும்புக்குக் கொண்டு போற பேக்க எடுத்து உடுப்பு அடுக்கிக்கிட்டு இருந்தா. கூடைய எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்டேன். கேட்டா என்ன சொல்வாளோன்னு பயம்.

பத்து மணி போல பளீர்னு வெயில் அடிச்சுச்சு. நான் எதிர் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தேன். திடீர்னு பிளேன் சத்தம். எல்லாரும் கூடையோட நிமிந்துட்டோம். வேலைய மேப்பார்வை பார்க்கிற கண்டாக்கு, "பிளேன் வந்து கொழுந்து எடுக்குமா?"ன்னு ஏசினார். நான் பிளேனப் பார்க்கல, எங்க கூரையப் பார்த்தேன். நான் அடிச்ச பச்சை மேல யோகமலர் ரெண்டு யூனிபோர்மையும் தொவச்சுப் பக்கத்துப் பக்கத்துல விரிச்சுக் கல்லு வச்சிருந்தா. எங்க மலையில வெயில் வந்தா ஈரத்துணி தகரத்துக்குத்தான் போகும், அவ மேல தப்பில்ல. ஆனா அப்ப எனக்குக் கோவம் தலைக்கு மேல ஏறிருச்சு. "அடிப் பாவி, பெயிண்ட மறைச்சிட்டாளே!"ன்னு மலையே கேக்கக் கத்தினேன்.

ஏப்ரல்ல சார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். கம்ப்யூட்டர்ல எங்க லயமெல்லாம் கலர் கலரா கெடந்துச்சு.

"அறுபது"ன்னார். "சரியா அறுபது அக்கா. பஸ் வருது."

அப்படியே உக்காந்துட்டேன்.

"உங்கட வீடு எது?"ன்னு கேட்டார். கோயில்ல இருந்து எண்ணிக்கிட்டு வந்து காட்டினேன். பெருசாக்கினார். நெத்தியில அடிச்சுக்கிட்டார். "ஐயோ, பச்சையோ? எந்த நிறமெண்டாலும் சரியெண்டு சொன்ன நான் ஒரு மடையன். இது தேயிலை எண்டெல்லோ எடுத்திருக்கு!"

"அப்ப எங்க வீடு கணக்குல இல்லீங்களா?"

"பொறுங்கோ... இருக்கு. தேயிலைக்கு நடுவுல சின்னதா ஒரு வெள்ளைக் கூரை. இது இல்லாட்டி அம்பத்தொம்பது." மூக்கு முட்டுற மாதிரி கிட்டப் போய்ப் பார்த்தார். "இது என்னெண்டு விளங்கேல்ல. தண்ணித் தொட்டியோ?"

நானும் கிட்டப் போய்ப் பார்த்தேன். "எம்மகளோட யூனிபோர்ம் சார்"ன்னேன்.

அவர் என்னப் பார்த்தார். படத்தப் பார்த்தார். அப்புறம் கம்ப்யூட்டர மெதுவா தன் பக்கம் திருப்பிக்கிட்டு, "நான் ஒண்டும் கேக்கேல்ல அக்கா"ன்னார். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் நான் அழுதுகிட்டே வந்தேன்.

மே மாசம் பஸ் வந்துச்சு. நூத்திநாலு குடும்பமும் ரோட்டுல நின்னோம். யோகமலர் அதே யூனிபோர்மப் போட்டுக்கிட்டு மொத ஆளா ஏறினா. பேக்ல இருந்த உடுப்ப அவ அப்பாதான் எடுத்து மறுபடி கொடியில போட்டார்.

இப்ப அவ ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துல டீச்சர், அதே பஸ்ஸுலதான் போய் வர்றா. கிருஷாந்தன் சார் மாறிப் போய்ட்டார். பிளேன் வருஷா வருஷம் வருதாம், கணக்குல ஒரு வீடு கொறஞ்சா பஸ் நின்னுருமாம், என்னைக்கு வரும்னு யாருக்கும் தெரியாது. அதனால வெயில் வந்தா அந்தப் பழைய யூனிபோர்ம் ரெண்டையும் எடுத்துக் கூரை மேல விரிச்சிருவேன். போன கெழமையும் ஏணியில நின்னேன். லீவுல வீட்டுல இருந்த யோகமலர் வெளிய வந்து பார்த்தா.

"வெள்ளை பெயிண்ட் அடிச்சா தீந்துச்சு. ஏம்மா இந்தப் பாடு?"

"அடிக்கலாம். ராசிக் நானா சும்மாவே தருவார்"ன்னேன். "ஆனா அன்னைக்கு நம்ம வீட்ட வீடுன்னு காட்டினது உன் சட்டைதான்டி. அத எறக்க எனக்கு மனசு வரல."

காத்து அடிச்சு யூனிபோர்மோட ஒரு கை தூக்கிக்கிச்சு. அவ கீழ குனிஞ்சு இன்னொரு கல்ல எடுத்து எங்கிட்ட நீட்டினா.