வியாழக்கிழமை லேப்

என் வீட்டுக்காரருக்கு அவருடைய துறையில் ஒரு பட்டப்பெயர் உண்டு: 'சரி சார்'. பல்கலைக்கழகத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறார். யாருக்குக் காய்ச்சல் என்றாலும், யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், அவர்களுடைய வகுப்பு இவர் தலையில்தான் விழும். இவரும் "சரி" என்பார். அடுத்தவர் திருத்தவேண்டிய விடைத்தாள்கள் எங்கள் சாப்பாட்டு மேசையை அடைத்துக் கிடக்க, நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்ட நாட்கள் ஏராளம். "நல்ல மனுஷன்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். இளிச்சவாயன் என்பதை நாலு பேர் முன்னால் அப்படித்தான் சொல்வார்கள்.

பேராசிரியர் பதவி ஒன்று காலியானது. இவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டார். இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை. மனுஷன் தனக்கென்று வாய்விட்டு எதையும் கேட்டவர் இல்லை. இதைக் கேட்டார். விண்ணப்பம் போட்டுவிட்டு வந்து, "கிடைச்சா நல்லா இருக்கும்ல?" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். நேர்காணல் ஒரு வியாழக்கிழமை காலை. அதற்கென்று புதுச் சட்டை வாங்கினோம்.

முந்தின நாள் சாயங்காலம் போன் வந்தது. அதே துறையில் இருக்கிற தேனொழுகி. அது நான் வைத்த பெயர். வாயைத் திறந்தால் அண்ணே, அண்ணே என்று ஒழுகும். அவனுடைய பாதி வகுப்புகளை இவர்தான் எடுத்தார். அந்த நேரத்தில் அவன் ஆராய்ச்சிக் கட்டுரைகளாக எழுதித் தள்ளினான்.

"அண்ணே, நாளைக்குக் காலைல என் லேபை மட்டும் பாத்துக்கிறீங்களா? அவசர வேலை ஒண்ணு."

இவர் என்னைப் பார்த்தார். நான் கரண்டியை ஓங்கவில்லை, ஆனால் அது கையில் இருந்தது.

"நாளைக்கு முடியாதுப்பா. எனக்கு இண்டர்வியூ இருக்கு."

"பரவாயில்லண்ணே" என்று வைத்துவிட்டான். இவருக்கு வேர்த்துக் கொட்டியது. எனக்கோ தலைகால் புரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு 'முடியாது'க்காகக் காத்துக் கிடந்தவள் நான்.

மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்தார். முகத்தைப் பார்க்கும் முன்பே என் கண்ணில் பட்டது சட்டைக் கைதான். மணிக்கட்டுப் பக்கம் ஆசிட் பட்டு ஓட்டை விழுந்திருந்தது.

"இண்டர்வியூல யாருங்க ஆசிட் ஊத்துனா?"

அவர் சிரிக்கவில்லை. உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். நேர்காணல் அறைக்கு வெளியே பெஞ்சில் டை கட்டிக்கொண்டு தேனொழுகி உட்கார்ந்திருந்தானாம். அவசர வேலை என்றது அதுதான். ஒருவரிடமும் மூச்சு விடாமல் அதே பதவிக்கு அவனும் விண்ணப்பித்திருக்கிறான். அப்போதும் இந்த மனுஷன் என்ன கேட்டார் தெரியுமா?

"அப்ப லேபை யாரு பாக்குறா?"

"நீங்கதான் முடியாதுன்னுட்டீங்களேண்ணே."

அவனை முதலில் கூப்பிட்டார்கள். அவன் வெளியே வந்தபிறகு இவர் உள்ளே போனார். ஆராய்ச்சியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. துறைத்தலைவர் எடுத்த எடுப்பிலேயே, "இன்னைக்கு லேப் பூட்டிக் கெடக்காம், பசங்க வெளிய நிக்கிறாங்களாம். நீங்க பாக்க மாட்டேன்னுட்டீங்களாமே? பேராசிரியர்னா எல்லாரையும் அனுசரிச்சுப் போகணும் சார்" என்றாராம்.

"அது அவனோட லேப்னு சொல்ல வேண்டியதுதானே?"

"கூட வேலை பாக்குறவன்மா. எப்படிக் காட்டிக் குடுக்குறது?"

"அப்புறம்?"

"இப்பவாவது போயித் தொறந்து விடுங்களேன்னாரு. சரின்னேன்."

இத்தனை வருடம் சொன்ன 'சரி' ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ஒரே ஒரு 'முடியாது' மட்டும் அந்த அறைக்குள் இவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது.

பதவி தேனொழுகிக்குப் போனது. அவனுக்குத் துறையில் பாராட்டு விழா ஏற்பாடு செய்தார்கள். அதுவும் ஒரு வியாழக்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் போன் அடித்தது.

"அண்ணே, நாளைக்கு எனக்கு ஏதோ விழா எடுக்குறாங்களாம். அந்த நேரம் பாத்து லேப் வருது..."

இந்தத் தடவை இவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "சரி" என்றார்.

மாடியில் விழா நடந்தது. இவர் கீழே லேபில் நின்றார். யாரோ நினைவு வைத்து ஒரு துண்டு கேக் கொடுத்தனுப்பினார்களாம். லேபுக்குள் எதையும் சாப்பிடக் கூடாது. அந்த விதியை மதிக்கிற ஆள் அந்தத் துறையிலேயே இவர் ஒருவர்தான். ஃபில்டர் பேப்பரில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"உனக்குத்தான். சாப்பிடு."

அதைக் குப்பையில் வீசத்தான் கை போனது. ஓட்டை தெரியாமல் அதே புதுச் சட்டையின் கையை மடித்து விட்டுக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி நின்றார். வாயில் போட்டேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க" என்றேன்.