கழுத்துச் சூடு

பேன்ட்டின் இடது காலில் மடிப்பு விழுந்துவிட்டது. வலது கால்தான் பாக்கி. தரையில் விரித்திருந்த போர்வை மேல் அதைத் திருப்பிப் போட்டு, ஈரத்துணியை வைத்து, இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

"இந்தத் தடவை இடுப்புல கை வைக்கிற வேலையே இல்லங்க. போன வாட்டி பிடிச்சது அப்படியே இருக்கு," என்றாள், கட்டிலில் கிடந்த கணவரைப் பார்க்காமலே.

பதில் வரவில்லை. அது ஒன்றும் புதிதல்ல. பேசினால் மூச்சு வாங்குகிறது என்று அவர் பாதிப் பேச்சைக் கண்ணாலேயே முடித்துக்கொள்ள ஆரம்பித்து நாளாகிறது. ஆனால் அந்த மூச்சுச் சத்தமும் வரவில்லை. மூன்று மாதமாக இந்த அறையில் ரம்பம் இழுப்பதுபோல் ஓடிக்கொண்டிருந்த சத்தம். அது நின்றதும், கூடத்துக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்வது காதுக்குள்ளேயே ஊற்றுவதுபோல் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். தலையணையில் சாய்ந்தபடி இருந்தார். பனியன் மேல் சிவப்பு டை. முடிச்சு தொண்டைக்குழிக்குக் கீழே கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. தான் போட்ட முடிச்சைத் தானே சரிபார்ப்பதுபோல் தாடை சற்றே தாழ்ந்திருந்தது.

"என்னங்க."

கிட்டப் போய் மூக்கடியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். மறுபடியும் "என்னங்க" என்றாள், தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாக.

கால் மணி நேரத்துக்கு முன்புதான் டையைக் கேட்டு வாங்கினார். தம்பி குளித்துவிட்டு வருவதற்குள் கை நடுங்க ஆரம்பித்துவிடும், இப்போதே போட்டு வைத்துவிடுகிறேன் என்றார். மூன்று முறை கட்டினார், இரண்டு முறை அவிழ்த்தார். நடுநடுவே இளைப்பாறினார்.

"நேரா இருக்கா?"

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கு."

"என்ன ஆனாலும் பத்து மணிக்கு அவன் இன்டர்வியூவுல உக்காந்திருக்கணும். தெரியுதா?"

"என்ன ஆகப் போகுது, சும்மா இருங்க," என்று சொல்லிவிட்டுத்தான் அவள் பேன்ட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்குள் ஆகிவிட்டது.

அந்தக் கோட்டும் பேன்ட்டும் அண்ணன், தம்பி இருவருக்கும் சேர்த்து வாங்கியவை. அண்ணன் சிமென்ட் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். வாரக் கடைசியில் ஒரு பெரிய விருந்து மண்டபத்தில் வாசல் கதவைத் திறந்துவிடுகிற வேலை கூடுதலாகக் கிடைத்தது. கோட்டு சூட்டு இருந்தால்தான் வாசலில் நிற்கலாம் என்றார்கள். தம்பி படிப்பை முடித்துவிட்டு இன்டர்வியூ இன்டர்வியூவாக அலைந்துகொண்டிருந்த நேரம். "சனி ஞாயிறு எனக்கு, மத்த நாள் உனக்கு" என்று அண்ணன் அங்கேயே பாகம் பிரித்துவிட்டார்.

மூன்று பேருமாகக் கடைக்குப் போனார்கள். மேல்மாடியில் இருந்ததைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே மலிவு ரகம் தொங்கிய கம்பிக்கு நேராகப் போனார்கள். அண்ணன் கறுப்பை எடுத்தார். கறுப்பு வேண்டாம், பார்க்கிறவர்கள் சர்வர் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொல்வார்கள், கருநீலம் எடுங்கள், எங்கேயும் போட்டுக்கொண்டு போகலாம் என்றார் கடைக்காரர். "கேட்டா கொண்டு வந்து குடுத்துட்டுப் போறேன். தூக்குறது எனக்கென்ன புதுசா?" என்றார் அண்ணன். நான் தூக்க மாட்டேனே என்று தம்பி முனகினான். கருநீலம் வந்தது. அளவு யாருக்கு என்ற பேச்சு வந்தபோது அவள்தான் தீர்ப்புச் சொன்னாள். பெரிதைப் பிடித்துச் சின்னதாக்கலாம், சின்னதை இழுத்துப் பெரிதாக்க முடியுமா? மூட்டை தூக்கும் உடம்புக்கே வாங்கினார்கள். வெள்ளிக்கிழமை இடுப்பைப் பிரித்துவிடுவாள். திங்கள்கிழமை இரண்டு விரல் அளவு பிடித்துத் தைப்பாள்.

கோட்டுக் கையில் தைத்திருந்த கம்பெனிச் சீட்டைப் பிரித்தெடுக்க வேண்டும் என்று மூன்று பேருக்குமே தெரியாது. அதுதான் கோட்டுக்கு அழகு என்று நினைத்து, அண்ணன் நாலு வாரம் அந்தக் கையையே முன்னால் நீட்டிக் கதவைத் திறந்தார். ஒரு விருந்தாளி அம்மாள் காதோடு சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

டை கட்ட அவருக்கு மண்டபத்து மேலாளர் சொல்லிக்கொடுத்தார். ஆனால் தன் கழுத்தில் மட்டும்தான் வரும். அடுத்தவன் கழுத்தில் கட்டப் போனால் இடம் வலம் மாறிக் கை குழம்பிவிடும். தம்பிக்கோ சுத்தமாக வராது. அவன் கட்டினால் மூட்டைக்கு வாய் கட்டிய மாதிரி இருக்கும். அதனால் ஒவ்வொரு இன்டர்வியூ அன்றும் அண்ணன் தன் கழுத்தில் கட்டி, இரண்டு விரல் விட்டுத் தளர்த்தி, தலை வழியாகக் கழற்றி, அப்படியே தம்பியின் தலையில் மாட்டிவிடுவார். "கழுத்துச் சூடு ஆறுறதுக்குள்ள ஓடு," என்பார். பதினோரு தடவை ஓடியிருந்தான்.

போன வருஷக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, இடுப்பைப் பிரிக்க அவள் உட்கார்ந்தபோது, வேண்டாம், இப்படியே கொடு என்று வாங்கிப் போட்டுக் காட்டினார். தம்பிக்காகப் பிடித்த அளவு அவருக்குச் சரியாக இருந்தது. "பாத்தியா, உனக்கு ஒரு வேலை மிச்சம்," என்றார். அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாகப் பயந்தாள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

இப்போது சொன்னால் இன்டர்வியூவுக்குப் போக மாட்டான். அவன் நாலாவது படிக்கும்போது இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் அவள். அவன் எதற்கு ஓடுவான், எதற்கு இடிந்து உட்காருவான் என்று அவளுக்குத் தெரியும். இது கடைசிச் சுற்று. மூன்று பேரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வராதவனுக்காக யாரும் நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள். சொல்லாமல் அனுப்பினால்? ஊரெல்லாம் தெரிந்த பிறகு அவனுக்குத் தெரியும். அதற்கப்புறம் அவன் அவள் முகத்தில் விழிக்காமலே போகலாம்.

முடிச்சுக்குள் இரண்டு விரலை விட்டுத் தளர்த்தினாள். அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, காது மடங்காமல் டையைக் கழற்றினாள். கையில் வாங்கிய பிறகுதான் உறைத்தது. எப்போதும் இருக்கிற சூடு அதில் இல்லை.

இஸ்திரிப் பெட்டி இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. முடிச்சைப் போர்வை மேல் வைத்து, காய்ந்த துணியை மூடி, பெட்டியால் ஒத்தி ஒத்தி எடுத்தாள். முடிச்சு நசுங்கவில்லை. அவர் கால் மேல் கிடந்த போர்வையை மார்பு வரை இழுத்துவிட்டு, பேன்ட்டையும் டையையும் எடுத்துக்கொண்டு கதவை ஒருக்களித்து வெளியே வந்தாள்.

பேன்ட்டை மாட்டிக்கொண்டு, சட்டைப் பொத்தானைப் போட்டபடி அவன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். போர்வைக்குள் கால் மேடு மட்டும்தான் அங்கிருந்து தெரியும்.

"அண்ணன்?"

"இப்பத்தான் கண்ணசந்தார். முடிச்சு போட்டுக் குடுத்துட்டார்."

"சொல்லாமப் போனா திட்டுவாரு அண்ணி."

"நான் சொல்லிக்கிறேன். குனி."

குனிந்தான். மாட்டிவிட்டாள். முடிச்சைத் தொண்டைக்குழி வரை ஏற்றிவிட்டாள்.

"சூடா இருக்கு," என்றான்.

"ஆறுறதுக்குள்ள ஓடு."

படியில் செருப்புச் சத்தம் தேயும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். எதிர்வீட்டு அக்கா ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அவர் கண்ணை மூடிவிட்டாள். எப்போது என்று கேட்டாள். தம்பிக்குச் சொல்லாமல் அனுப்பியதையும் இவள் மறைக்காமல் சொன்னாள். அக்கா அவர் கையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"கூடப் பொறந்தவன்டி அவன். உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"மனசு வரல அக்கா. கை பாட்டுக்குச் செஞ்சிடுச்சு."

அக்கா அவனுக்கு போன் போட்டுப் பார்த்தாள். இன்டர்வியூ என்று அணைத்து வைத்திருந்தான். நல்லதாகப் போயிற்று என்று இவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. மறு நிமிஷம் அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே நொந்துகொண்டாள்.

கிடங்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருவர், மண்டபத்து வாசலில் ராஜா மாதிரி நின்ற ஆள், அந்தக் கோட்டையே போட்டு அனுப்பலாமே என்றார். கோட்டு வெளியே போயிருக்கிறது என்று மட்டும் சொன்னாள். துவைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். காலர் கழுத்தைத் தொடாமல் நின்றது.

ஒரு மணி வாக்கில் அவன் வந்தான். படியடியில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்திருப்பான். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிற சத்தம் கேட்டது. அறை வாசலில் அப்படியே நின்றான். கை தானாகக் கோட்டுப் பைக்குள் போய் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்தது.

"ஜுர மாத்திரை," என்றான். "அண்ணனுக்கு ஜுரம்னு நினைச்சேன். டை அவ்வளவு சூடா இருந்துச்சே அண்ணி. எப்பவும் அவ்வளவு இருக்காதே."

சுவரோரம் இருந்த இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தான். தரையில் மடிக்காமல் கிடந்த போர்வையைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான், வெகுநேரம். கேட்கட்டும் என்று அவளும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நின்றாள்.

அவன் கேட்கவில்லை. கட்டிலோரம் மண்டியிட்டு அண்ணன் காதருகே குனிந்தான். அவனுக்கும் அண்ணிக்கும் மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்.

"திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க."

கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ விட்டுப்போன மாதிரி, "உள்ள ஒரே புழுக்கம். டையைத் தளத்திக்கோங்கன்னு அவங்களே சொன்னாங்க. நான் தளத்தல," என்றான்.

தூக்க வந்த நாலு பேரும் மூட்டை தூக்கிப் பழகினவர்கள். தோள் கொடுத்துத் தம் பிடித்து எடுத்தார்கள். எடுத்த வேகத்துக்கு அவர் ஒரு சாண் அதிகமாகவே மேலே போய்விட்டார். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள்.

எல்லாம் முடிந்து பொழுது சாய்கிற நேரத்தில் வீட்டில் இருவர் மட்டும் மிச்சமானார்கள். அவன் கோட்டைக்கூடக் கழற்றாமல் முன்னறையின் நடுவில் நின்றிருந்தான். அவள் கிட்டே வந்ததும், காலையில் குனிந்ததுபோல் குனிந்தான். முடிச்சுக்குள் இரண்டு விரலை விட்டு, காது மடங்காமல் கழற்றினாள். கோட்டைத் தட்டி ஹேங்கரில் மாட்டினாள். காலரைத் தூக்கி, டையை ஹேங்கரின் கழுத்தில் போட்டு, முடிச்சை மட்டும் மேலே ஏற்றினாள். அவிழ்க்கவில்லை.

கைகால் கழுவிக்கொண்டு வந்தவன், ஜுரம் பார்ப்பதுபோல், புறங்கையை அந்த முடிச்சின் மேல் ஒரு கணம் வைத்து எடுத்தான். அவள் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுற்றி, அதை அலமாரிக்கு அடியில் தள்ளி வைத்தாள்.